பூ ஊறுகாயும் ஒரு பிராதும்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். எதிர்வீட்டு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைப்படியில் நின்றபடி மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவார். உறிஞ்சினதை மனசோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது. என்ன வாசம் வந்ததோ அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். முந்தாநாள் மீன் குழம்பை இன்னும் கொட்டவில்லையா என்பார். குழந்தைக்கு வயிற்றால் போகிறதா என்பார். "உன் வூட்டுக்காரரு பீடிய வுட்டுட்டேன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணாராமே? கற்பூரம் மட்டுந்தான் அணைஞ்சிருக்குது" என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டில் பெரிய சண்டை.

அந்த மூக்கை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். ஆனால் என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த நாளில், அவளைப் பெற்ற தகப்பன் தன் வீட்டிலேயே இருந்தார் என்றால் அது அந்த மூக்கினால்தான். இல்லையென்றால் அவரைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்திருப்போம். அதைச் சொல்வதற்கு முன்னால் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் எங்களுடையது ஒரு லைன் வீடு. எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் கழனித் தண்ணி ஓடுகிற சின்ன வாய்க்கால், கடைக்கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். செல்போன் தெருவுக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்த காலம். டி.வி.யில் கக்கூஸுக்கென்றே வாசனை டப்பா விளம்பரம் காட்டுவார்கள். அதைப் பார்த்தால் அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது. யாரோ ஒருத்தர் அதை வாங்கி மாட்டியபோது, கக்கூஸுக்குள் ஒரு எலுமிச்சம்பழம் தூக்கு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குது என்றார்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். பெரிய விஷயமெல்லாம் தெரியாது. சாமி தெரியும். சமையல்கட்டு மூலையில் ஒரு அலமாரி, அதில் முருகன் படம், காலையும் மாலையும் விளக்கு, செவ்வாய் வெள்ளி சாம்பிராணி. ஒரு வெள்ளிக்கிழமை நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் அக்காவின் உறிஞ்சல் கேட்டது.

"சாம்பிராணிக்குப் பின்னால யாரோ செத்துக் கெடக்குறாங்க புள்ள."

சாமி முன்னால் என்ன பேச்சு இது என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் பாட்டுக்கு வந்து முருகன் படத்தை எடுத்தார். பின்னால் ஒரு எலி, செத்து ஊதிக் கிடந்தது. அக்கா அதை ஒரு பேப்பரில் எடுத்துக்கொண்டே, "அண்ணங்காரரு வண்டிய தம்பி படத்துக்குப் பின்னாடி நிறுத்திட்டு மறந்துட்டாரு போல" என்றார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிள்ளையாரிடமும் மன்னிப்புக் கேட்டேன், முருகனிடமும் கேட்டேன். சிரிப்பு வந்ததற்கும் சேர்த்துக் கேட்டேன்.

இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி லைன் வீட்டில் எப்படி வாழ்வது? அதற்குத்தான் அவர் பூ ஊறுகாய் போட்டார். பெயர் நாங்கள் வைத்தது. அவர் அதற்குப் பெயரே வைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில்தான் அக்காவும் வேலை பார்த்தார். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் வேகாத பச்சைப் பொம்மைகளின் பிசிரைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புகிற வேலை. முதல் தடவை சூளையில் வெந்து, இன்னும் பளபளப்புப் பூச்சு பூசாத சாமானுக்கு அங்கே பிஸ்கட்டு என்று பேர். அதை உதட்டில் வைத்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஈரத்தைக் குடிக்கும். விரிசல் விட்டுக் கழித்துப்போட்ட பிஸ்கட்டுகளை அக்கா பையில் போட்டுக்கொண்டு வருவார். காது போன யானை, மூக்கு போன முயல், முதுகு திறந்திருக்கிற பூத்தொட்டி வாத்து. அவற்றின் மேல் கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் ஒரு மாசத்துக்கு அது கிராம்பு யானை.

பூவுக்கு ஒரு பெரிய ஜாடி. அதுவும் கழிந்த ஜாடிதான், சூளையில் வாய் கோணிப்போனது. பாதி காய்ந்த பூவை ஒரு அடுக்கு பரப்புவார். அதன்மேல் கல் உப்பு. மறுபடி பூ, மறுபடி உப்பு. மேலே கருங்கல்லை வைத்து அமுக்கிக் கட்டிவிடுவார். சில வாரம் கழித்துத் திறந்து, பட்டை, கிராம்பு, பூலாங்கிழங்கு, ஆற்றங்கரையில் தோண்டி வந்த கோரைக்கிழங்கு எல்லாவற்றையும் இடித்துக் கலந்துவிடுவார். அப்புறம் அந்த ஜாடி மூடியைத் திறந்தால் கல்யாண மண்டபத்துக்குள் தலையை நீட்டின மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு ஜாடி. சித்திரை வைகாசியில் மல்லியும் வெட்டிவேரும். ஆடியில் மாரியம்மனுக்குச் சாத்தின எலுமிச்சை மாலை. சாறு எங்களுக்கு, தோல் ஜாடிக்கு. புரட்டாசியில் துளசி. தை மாசத்தில் கமலா ஆரஞ்சுத் தோலும், பொங்கலுக்குப் பானையில் கட்டின மஞ்சள் இலையும். மாசி மகம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், மருக்கொழுந்தும் பன்னீர் ரோஜாவும் கூடை கூடையாக. மகிழம்பூ மட்டும் எந்த மாசம் கிடைத்தாலும் விடமாட்டார். மற்ற பூவெல்லாம் காய்ந்தால் செத்துப்போகும், மகிழம்பூவுக்குக் காய்ந்தபிறகுதான் புத்தியே வரும் என்பார்.

ஐப்பசி கார்த்திகையில் எதுவும் காயாது. மழை விட்டால்தானே. அப்போது அக்கா பூவை டிபன் பாக்ஸில் போட்டுக் கம்பெனிக்கு எடுத்துப்போய், ஆறிக்கொண்டிருக்கிற சூளையின் மேல்தட்டில் பரப்பிவிடுவார். ஒரு தடவை சரக்கு பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர் சூளைப் பக்கம் போய்விட்டு, உள்ளே யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாராம். முதலாளி கத்தினாராம். மறுநாள் முதலாளியின் காருக்குள் ஒரு மருக்கொழுந்து முயல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு கத்தலைக் காணோம்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வாய் பேசாத மனுஷர். ஒரு நாள் மத்தியானம் பசியோடு வந்து, அக்கா வீட்டில் இல்லாததால் தானே சோறு போட்டுக்கொண்டு, ஜாடியில் இருப்பது ஏதோ ஊறுகாய் என்று தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு முழுத் தட்டையும் காலி பண்ணிவிட்டார். அக்கா வந்து பார்த்துப் பதறிப்போய்க் கேட்டதற்கு, உப்புதான் கொஞ்சம் தூக்கல் என்றாராம். ரெண்டு நாளைக்கு அவர் ஏப்பம் விட்டால் லைன் வீடே மணந்தது. அன்றிலிருந்துதான் பூ ஊறுகாய் என்ற பேர்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே போய்விடும் விஷயம். எனக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தப் பூவெல்லாம் எங்கேயிருந்து வந்தது? கோயிலிலிருந்து. சாமிக்குப் போட்டுக் கழற்றின மாலை. கோயிலில் வேலை செய்கிற ஒரு அம்மாவிடம் சொல்லிவைத்து வாங்கிக்கொள்வார். சாமி கழித்த மாலையை ஆற்றில் விட வேண்டும், இல்லையென்றால் காலில் படாமல் மரத்தடியில் போட வேண்டும். நான் அப்படித்தான் கேள்விப்பட்டு வளர்ந்தவள். அக்காவிடம் சொன்னேன்.

"மணிமுத்தாத்துல எங்க புள்ள தண்ணி? மணல்ல கெடந்து அழுவி நாறுது. சாமி மாலை நாறுனா சாமிக்குச் சந்தோஷமா, மணந்தா சந்தோஷமா?"

நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. வீட்டில் வைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அக்கா அதை வாத்துக்குள் போட்டு, பொதுக் கக்கூஸில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்.

அந்த வாத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கக்கூஸைக் கழுவ வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை. காலையில் கழுவியிருந்தால் வாத்து ஆணியில் இருக்கும். கழுவாவிட்டால் அக்கா வாத்தை எடுத்து வந்து முறைக்காரர் வீட்டு வாசல்படியில் உட்கார வைத்துவிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். வாத்து பேசும். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த வீட்டுக்காரர்கள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாறுகிற இடத்தில் பூ வைக்கக் கூடாது என்பதில் அக்கா அவ்வளவு கண்டிப்பு. "கழுவுனதுக்கு அப்பறந்தான் பூ. நாத்தத்து மேல பூவ வச்சா அது பூ வச்ச நாத்தம்" என்பார்.

என் மாமனார் சூளையில் நெருப்புப் பார்த்த மனுஷர். ஓய்வு பெற்றபிறகு காலையில் குளித்துத் திருநீறு பூசி, கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் காபி குடிப்பார். பக்தியில் நானெல்லாம் அவருக்கு முன்னால் தூசு. ஒரு தடவை எங்கள் முறை வந்தபோது நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் விடியும் முன்பே கம்பெனிக்குப் போய்விடுவார்கள். மிச்சம் மாமனார்தான். சூளைக்கே முன்னால் நின்ற மனுஷன் கக்கூஸ் முன்னால் நிற்பாரா? நிற்கவில்லை. ரெண்டாம் நாள் அவர் கோயிலுக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் வாசலில் வாத்து. வாத்துக்குள் சாமி மாலைப் பூ.

அவர் ஒன்றும் கத்தவில்லை. நேராக பஸ்ஸைப் பிடித்துக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் நடந்தால் போலீஸுக்கு முன்னால் கொளஞ்சியப்பரிடம் பிராது கொடுப்பார்கள். நடந்ததைத் தாளில் எழுதி, கொளஞ்சியப்பர் என்கிற முருகன் பாதத்தில் வைத்து வாங்கி, காவல்சாமியான முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட்டால் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார். திருட்டுப்போனது, நிலத்தைப் பிடுங்கினது, கட்டினவன் ஓடிப்போனது என்று என்னென்னவோ பிராது அங்கே தொங்கும். அவற்றுக்கு நடுவில் எங்கள் மாமனார், சாமி மாலையைக் கக்கூஸில் மாட்டிய பெண்பிள்ளையை விசாரிக்க வேண்டும் என்று கட்டிவிட்டு வந்தார்.

ஊரிலிருந்து திரும்பியதும் எனக்கு விஷயம் தெரிந்தது. அக்காவிடம் போய், கோயிலில் ஒரு கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே அவரும் பஸ் ஏறிப் போனார். கற்பூரம் ஏற்ற இல்லை. முறை வந்தும் கக்கூஸைக் கழுவாத பெரியவரை விசாரிக்க வேண்டும் என்று எதிர்ப் பிராது கட்ட.

"அவுருது மேல என்னுத கட்டியிருக்கேன். சாமிக்குப் பக்கத்துப் பக்கத்துல இருந்தா படிக்க சுளுவு" என்றார்.

அத்தோடு ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சாமியிடம் கேஸ் இருக்கும்போது என்ன பேச்சு என்று மாமனார் சொல்லிவிட்டார். நான் மட்டும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று அக்காவோடு கண்ணாலேயே பேசிக்கொள்வேன். அவர் அந்தப் பக்கம் நின்று மூக்கை மட்டும் உறிஞ்சுவார். அங்கிருந்தே என் குழம்பில் புளி அதிகம் என்று கண்டுபிடிப்பார்.

இந்த நிலைமையில்தான் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். லைன் வீட்டில் என்ன பேசினார்கள் என்று நான் சொல்ல வேண்டாம். பிராது கட்டினவர் மேலேயே திரும்பிவிட்டது என்றார்கள். அக்கா மட்டும், அப்படிச் சொன்ன ஒருத்தியிடம், "சாமிக்கு வேற வேல இல்லயா? கக்கூஸ் கழுவலன்னு கையக் காலப் புடுங்குவாரா? அப்புடின்னா ஊர்ல ஒருத்தனும் நடக்க முடியாது" என்றாராம்.

வீடோ ஒரே ஒரு அறையும் சமையல்கட்டும். மாமனார் அந்த அறையில், கோரைப் பாயில். படுத்த இடத்திலேயே எல்லாம். நான் சலிக்காமல்தான் செய்தேன், அவர் எனக்கு அப்பா மாதிரி. ஆனால் வாடையை என்ன செய்ய முடியும்? ஊதுவத்தி, சாம்பிராணி, அந்த வாசனை டப்பாகூட வாங்கி அடித்துப் பார்த்தோம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் துண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, சளி என்றார்கள். அந்த மாசம் எங்கள் உறவில் சளி பிடிக்காத ஆளே இல்லை.

மாமனார் தினமும் என்னிடம் குழறலாகக் கேட்பார், ஏம்மா வாடை வருதா என்று. ஒண்ணும் வரலை மாமா என்பேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கொஞ்ச நாளில் சாப்பாட்டைக் குறைத்தார். தண்ணீரைக் குறைத்தார். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று அவர் கணக்குப் போடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. ஆள் பாயோடு பாயாகத் தேய்ந்துகொண்டே போனார்.

அந்தச் சமயம் பார்த்து நாத்தனாரைப் பெண் பார்க்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவள் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். நல்ல பெண். நல்ல இடம். இந்த வாடையில் எப்படி அவர்களை உட்கார வைப்பது? என் வீட்டுக்காரர் யோசித்து ஒரு வழி சொன்னார். சேத்தியாத்தோப்பில் மாமனாரின் தங்கச்சி வீடு இருக்கிறது, மாட்டுக் கொட்டகை காலியாக இருக்கிறது, வேன் வைத்துக் கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டு, அவர்கள் வந்துபோனதும் கூட்டிவந்துவிடலாம் என்றார். அப்பா எங்கே என்று கேட்டால் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லலாமாம். நாத்தனார் அழுதாள். மாமனார் மட்டும் சரி சரி என்று இடது கையை ஆட்டினார். அன்று மத்தியானச் சாப்பாட்டை அவர் தொடவே இல்லை.

மறுநாள் காலையில் வேன்காரர் வந்து வாசல் அகலத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் எங்கள் நிலைப்படியில் ஒரு உறிஞ்சல் கேட்டது. அக்கா. பிராது கட்டின நாளிலிருந்து அந்தப் படியை மிதிக்காதவர். உள்ளே வந்தார், பாய்க்கு நேராகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, நாறுது" என்றார்.

முருகா, இந்த மனுஷியின் வாயை இன்றைக்கு ஒரு நாளாவது கட்டக் கூடாதா என்று நினைத்தேன். மாமனார் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"எவ்ளோ நாறுது?"

"வாய்க்கா வரைக்கும்."

"இவ ஒண்ணும் இல்லன்றா."

"அவ மூக்கு சாம்பிராணியில வெந்துபோன மூக்கு. அவளக் கேக்காதீங்க."

"எது நாறுது?" என்றார் மாமனார்.

அக்கா கிட்டே குனிந்து, சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி, பாய், தலையணை, சுவர், அவர் தோள் என்று ஒவ்வொன்றாக மோந்தார். "பாய் நாறுது. தலவாணி நாறுது. சுவத்துல இடுப்பு உசரத்துக்கு நாறுது. நீங்க நாறல. உங்க மேல திருநீறும் தைலமுந்தான்."

"நா நாறலயா?"

"கழுவாத எடந்தான் மாமா நாறும். ஆளு ஏன் நாறுவாரு."

மாமனாரின் கண்ணில் தண்ணீர் வந்தது. இத்தனை நாள் நாங்கள் எல்லோரும் இல்லை இல்லை என்று சொன்னபோது வராத நம்பிக்கை, நாறுது என்று சொன்ன வாயிலிருந்து வந்தபிறகுதான் அவருக்கு வந்தது.

அப்புறம் அக்கா வேலையில் இறங்கினார். பாயைக் கொண்டுபோய் வெளியே கொளுத்தினார். அவர் வீட்டு நைலான் பட்டைக் கட்டிலைத் தூக்கி வந்து, நடுவில் பட்டையை அறுத்து ஓட்டை போட்டு, கீழே கம்பெனியில் கழித்துப்போட்ட பீங்கான் பேசின் ஒன்றை வைத்தார். சுவருக்குச் சுண்ணாம்பு. தரைக்கு வேப்பிலைத் தண்ணீர். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தவர் வாசலில் நின்று முழித்தார். பேசினை எப்போதெப்போது கழுவ வேண்டும் என்று அவருக்குத்தான் பாடம் நடந்தது. "பெத்தவருக்குப் புள்ளதான் மொற" என்று சொல்லி ஒரு விளக்குமாற்றை அவர் கையில் கொடுத்தார். சேத்தியாத்தோப்பு வேன் பேச்சு அதோடு போயிற்று. சேத்தியாத்தோப்பு என்ற வார்த்தையைக்கூட அவர் கொஞ்ச நாளைக்கு எடுக்கவில்லை.

எல்லாம் கழுவிக் காய்ந்தபிறகுதான் அக்கா பூ ஊறுகாயைக் கொண்டுவந்தார். ஒரு பெரிய பிஸ்கட்டு கிண்ணம் நிறைய. மாசி மகத்து ஜாடி, கூடக் கொஞ்சம் புரட்டாசித் துளசி. கட்டில் தலைமாட்டில் வைக்கப் போனபோது மாமனார் கையை நீட்டித் தடுத்தார்.

"சாமி மாலையா?"

"ஆமா. கொளஞ்சியப்பர் கோயிலுதும் இதுல இருக்குது. நீங்க எம்மேல பிராது கட்டுன எடந்தான்."

"கக்கூஸ்லயும் வச்ச. எந்தலைமாட்டுலயும் வைக்கிற. ரெண்டும் ஒண்ணா ஒனக்கு?"

"ரெண்டும் தெனம் கழுவுற எடம் மாமா. எனக்கு ஒண்ணுதான்."

மாமனார் கிண்ணத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். வாயில் சரியாக இருந்த பாதி மெல்லச் சிரித்தது. கையை எடுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுத் தயிர்சாதம் கேட்டார். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் சமையல்கட்டில் போய் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

பெண் பார்க்கும் நாள் வந்தது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மாப்பிள்ளை, அவர் அம்மா, மாமா ஒருத்தர். மாமனாருக்கு வெள்ளை வேட்டி, சட்டை, திருநீறு எல்லாம் போட்டுக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். அக்காவை மட்டும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாய்க்குப் பயந்துதான். அவரும் சரி என்று எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். அது வருவதில் சேர்த்தி இல்லையாம்.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். மூச்சை நன்றாக இழுத்தார். இவருக்கும் சளி பிடிக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் மலர்ந்தது.

"எங்க பெருமாள் கோயில் வாசன வருதே" என்றார்.

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாளுக்குக் கோரைக்கிழங்கு மாவு உருண்டைதான் பிரசாதம். கிழங்கு தோண்டித் தின்கிற பன்றியாக அவதாரம் எடுத்தவர் அல்லவா. அந்த ஊர்க்காரர்களுக்குக் கோரைக்கிழங்கு வாசம் என்றால் பெருமாள் என்றுதான் அர்த்தம். அந்த அம்மா வாசத்தைப் பிடித்துக்கொண்டே கட்டில் தலைமாட்டுக்குப் போனார். கிண்ணத்தைப் பார்த்தார். உதிர்ந்த மாலைப் பூ, துளசி, கிழங்குப் பொடி. வேறென்ன நினைப்பார்? பயபக்தியோடு ஒரு சிட்டிகை எடுத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், வாயில் போட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சாமி அலமாரியைப் பார்த்தேன். நாத்தனார் காபித் தட்டோடு அப்படியே நின்றாள். அந்த அம்மா மென்றுகொண்டிருந்தார். மெல்லுவது மெதுவாக நின்றது.

"உப்பு கரிக்குதே" என்றார்.

ஆமாம் அம்மா, எங்கள் ஊரில் பிரசாதத்துக்கு உப்புப் போடுவோம் என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் மாமனார் பேசினார். குழறல்தான், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எல்லோருக்கும் புரிந்தது.

"அது பிரசாதம் இல்லம்மா. நா படுக்கையில கெடக்குறவன். எடம் நாறக் கூடாதுன்னு வச்சது."

போயிற்று, சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். அந்த அம்மா வாயில் இருந்ததைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் நின்றார். பிறகு கேட்டார்.

"பூவு சாமிக்குப் போட்டதுதான?"

"ஆமா. சாமி கழுத்துல கெடந்ததுதான்."

அவர் விழுங்கினார். "அப்ப பிரசாதந்தான்" என்று சொல்லிவிட்டு மாமனாரின் கட்டில் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய மாமியாரும் இப்படித்தான் பல வருஷம் படுக்கையில் கிடந்தாராம். அந்த வருஷங்களில் அவர்கள் வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாங்க அவுங்கள மாட்டுக் கொட்டாயிலதான் வச்சிருந்தோம்" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அம்மாவுக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. சாப்பிட்டதால் ஒன்றும் ஆகிவிடாதே என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியேயிருந்து பதில் வந்தது.

"எங்க வூட்டுக்காரரு ஒரு தட்டு சோத்துக்குத் தொட்டுக்கிட்டாருங்க. இன்னும் லாரி ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காரு."

பிறகென்ன, அக்காவும் உள்ளே வந்துவிட்டார். வந்தவர் மாப்பிள்ளைக்குப் பின்பக்கமாக ஒரு தடவை நடந்தார். உறிஞ்சல் கேட்டது. நான் கண்ணால் கெஞ்சினேன்.

"பீடி இல்ல, பிராந்தி இல்ல. பாக்கு மட்டுந்தான். தாராளமா குடுக்கலாம்" என்றார் சபையில்.

மாப்பிள்ளையின் மாமா வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். அவரையும் மோந்துவிடுவாரோ என்ற பயம்.

கல்யாணம் கொளஞ்சியப்பர் கோயிலிலேயே நடந்தது. மாமனாரைச் சேத்தியாத்தோப்புக்கு அனுப்பப் பேசிவைத்த அதே வேனில் சக்கர நாற்காலியோடு கூட்டிப்போனோம். தாலி கட்டி முடிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டு, பிராதை ராஜினாமா பண்ணணும் என்றார். கேஸ் முடிந்துவிட்டால் கட்டினவரே வந்து சாமியிடம் ராஜினாமா சொல்லிவிட வேண்டும், அதுதான் முறை. நாற்காலியை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது அக்காதான். யார்மேல் பிராது கட்டினாரோ அவரே தள்ள, இடது கையால் கும்பிட்டு, என் பிராதை எடுத்துக்கிறேன் சாமி என்றார். திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"நீ எம்மேல கட்டுனது?"

"அது இருக்கட்டும் மாமா. உங்க வூட்டு மொற இன்னும் பாக்கி இருக்குது."

மாமனார் சிரித்ததில் நாற்காலி ஆடியது. அதற்கடுத்த மழைக்காலம் வரைக்கும் இருந்தார். போகிற அன்று காலையிலும் தலைமாட்டுக் கிண்ணத்தில் மகிழம்பூ இருந்தது. அன்றைக்கும் என் வீட்டுக்காரர் பேசினைக் கழுவியிருந்தார்.

சில வருஷம் கழித்து அக்காவும் அவர் வீட்டுக்காரரும், மகன் வேலைக்குப் போன ஊருக்கே குடி போய்விட்டார்கள். புறப்படுகிற அன்று எனக்கு விடியற்காலையிலிருந்தே கை ஓடவில்லை. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தேன், மூட்டை தூக்கினேன், அழுதேன். வேன் ஏறுவதற்கு முன்னால் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, தோளில் மூக்கை வைத்து உறிஞ்சினார். கடைசியாக என்ன சொல்லப் போகிறாரோ என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. போயிட்டு வரேன் புள்ள என்று மட்டும் சொன்னார்.

வேன் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினேன். எங்கள் வாசல்படியில் வாத்து உட்கார்ந்திருந்தது. முதுகு நிறையப் புதுப் பூ. எனக்கு நினைவாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, வாசம் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அழுதேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்த வாரம் எங்கள் முறை. விடியற்காலையிலிருந்து இருந்த பரபரப்பில் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

வாத்தைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் கழுவினேன். காய்ந்தபிறகு வாத்தைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன்.

எதிர்ப் பிராதை அக்கா ராஜினாமா பண்ணவே இல்லை. கொளஞ்சியப்பரிடம் அது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.